பன்னிரண்டாம் எண்ணின் நடை

1

என் மகள் எழுதிக்கொண்டிருக்கும் ஆய்வேட்டில் என் அக்காவுக்குப் பெயர் கிடையாது, எண்தான் உண்டு. இருபத்து நான்கு எண்களில் அவள் எந்த எண் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றுவிட்டாள்.

"அம்மா, அது ரகசியம். உனக்கும் சொல்லக் கூடாது. பேரும் நம்பரும் சேர்ந்த பேப்பர் யுனிவர்சிட்டியில பூட்டி இருக்கு."

என் கூடப் பிறந்தவளைப் பற்றி எனக்கே தெரியக் கூடாத ஒன்றைப் பூட்டிவைத்துவிட்டு, என் முன்னால் உட்கார்ந்து, நான் போட்ட டீயைக் குடிக்கிறாள். எனக்கு ஆத்திரம் கொஞ்சம்தான் வந்தது. ஆர்வம்தான் ஜாஸ்தி. அந்த ஆர்வம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் ஊரில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேர மட்டும் மாத்திடு, ஸ்டெல்லான்னு வை, எனக்கு ரொம்ப நாளா அந்தப் பேர் மேல ஆசை" என்றாள். ஆகவே இங்கே அவள் ஸ்டெல்லா.

நான் ஆம்பூர்க்காரி. வேலூரில் நர்சிங் படித்து, அங்கேயே ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு நியூசிலாந்துக்கு வந்தவள். இந்தக் குளிர்காலத்தோடு பதினெட்டு வருடம் முடிகிறது. தெற்குத் தீவில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். மகள் ஹன்னா ஐந்து வயதில் எங்களோடு விமானம் ஏறியவள். இப்போது இருபத்து மூன்று. உடற்பயிற்சி, சத்துணவு, உடல்நலம் மூன்றையும் ஒன்றாகப் போட்டு ஒரு முதுகலைப் படிப்பு இங்கே இருக்கிறது, அதைப் படிக்கிறாள். ஊரில் யாராவது "பொண்ணு இன்னா படிக்குது?" என்று கேட்டால் திண்டாடிப் போவேன். "உடம்பைப் பத்தி." "டாக்டரா?" "இல்ல." "அப்ப உன்ன மாதிரி நர்ஸா?" "அதுவும் இல்ல." அதற்கு மேல் அவர்களும் பாவம் கேட்பதில்லை.

உட்கார்ந்தே வேலை பார்க்கிறவர்கள் ஒரு வாரத்தில் எவ்வளவு நடக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், உடம்பு எப்படி இருக்கிறது. இதுதான் அவள் கேள்வி. யாரை வைத்துப் பார்க்கப் போகிறாய் என்று அவளுடைய பேராசிரியை கேட்டபோது, "என் பெரியம்மா ஆம்பூரில் ஷூ தைக்கிறார்கள்" என்று சொல்லியிருக்கிறாள். எனக்கு நம்பவே முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் "ஹாய் பெரிம்மா, நல்லா இருக்கீங்களா, பை பெரிம்மா" என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஓடுகிற பிள்ளை அவள். பெரியம்மா என்ன வேலை செய்கிறாள் என்பது அவள் மண்டையில் இருந்திருக்கிறது.

2

ஒரு மனுஷியின் இடுப்பில் நடையை அளக்கும் தீப்பெட்டி அளவு கருவியைக் கட்டுவதற்கு எத்தனை படிவம் என்று நினைக்கிறீர்கள்? இந்த நாட்டில் நர்ஸ் பதிவு வாங்க எழுதிய படிவங்களே பெரிது என்று நினைத்திருந்தேன். ஆய்வு நெறிமுறைக் குழு அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. முதல் முறை திருப்பி அனுப்பினார்கள், இரண்டாவது முறையும் திருப்பி அனுப்பினார்கள். பெண்களை ஆய்வுக்கு அழைப்பவர் யார்? அவருக்கு அவர்கள்மீது அதிகாரம் உண்டா என்று கேள்வி.

அழைக்கப்போவது அக்காதான், அவளுக்குப் போன் போட்டேன். "எனக்கு இன்னா அதிகாரம்? நானும் அவங்கள்ல ஒருத்தி" என்றாள். 'உடன் பணிபுரியும் டெய்லர்' என்று எழுதி அனுப்பினோம். எங்கள் பக்கம் ஷூவின் மேல்பாகத்தை மிஷினில் தைக்கிறவர்களை டெய்லர் என்றுதான் சொல்வார்கள். அக்கா பத்தாவது முடித்த வருடமே மிஷினில் உட்கார்ந்தவள். பதினெட்டு வயதுப் பெண்கள் பயிற்சிக்கு வந்தால் அக்கா தைத்த பீஸைத்தான் மாதிரி காட்டுவார்கள் என்று அம்மா பெருமையடித்துக்கொள்வாள்.

தகவல் தாளைத் தமிழில் எழுதியது நான். பன்னிரண்டு பக்கம். 'காரணம் எதுவும் கூறாமல் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்' என்று ஒரு வரி. கம்பெனி வேனில் அக்கா அதைச் சத்தமாகப் படித்திருக்கிறாள். அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து வருகிற ஒருத்தி, "காரணம் சொல்லாம லீவா? இத நம்ம சூப்பர்வைசருக்குப் படிச்சுக் காட்டுக்கா" என்றாளாம். வேனே சிரித்ததாம்.

ஹன்னா மூன்று வாரம் ஆம்பூருக்குப் போனாள். போன முதல் நாளே தொழிற்சாலை மேனேஜரை "நீ சாப்டியா?" என்று விசாரித்துவிட்டு வந்தாள். எங்கள் வீட்டில் நீ என்றுதானே பேசுகிறோம், பெரியம்மாவைத் தவிர மற்றவர்களுக்கும் நீங்க போட வேண்டும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? மேனேஜர் நல்ல மனுஷன், சாப்பிட்டேன் என்று பதில் சொல்லியிருக்கிறார். கேன்டீன்வரை அனுமதித்தார். உள்ளே தையல் நடக்கும் இடத்துக்கு விடவில்லை. வெளிநாட்டுக்காரர்களின் புது டிசைன் இருக்கிறது, வெளி ஆட்கள் யாரும் வரக் கூடாதாம்.

கேன்டீனில் உட்கார்ந்து கேள்வித்தாள் நிரப்பினார்கள். வாரத்தில் எத்தனை நாள் உடற்பயிற்சி என்ற கேள்விக்கு இருபத்து நான்கு பேரும் சைபர். இரண்டு மாடி ஏறித் தண்ணீர்க் குடம் தூக்குகிறவளும் சைபர்தான். சாப்பாட்டுக் குறிப்பில் அளவு எழுத வேண்டிய இடத்தில் ஒருத்தி 'வயிறு நிறைய' என்று ஏழு நாளும் எழுதியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் பாதிப் பேர் 'பிரியாணி' என்று மட்டும். எத்தனை கிண்ணம் என்று ஹன்னா கேட்டதற்கு, "ஆம்பூர்ல வந்து பிரியாணிக்கு அளவு கேக்கறியே கண்ணு" என்று கன்னத்தைக் கிள்ளினார்களாம். அந்தத் தகவலை எந்தக் கட்டத்தில் போடுவது என்று எனக்குப் போன் செய்தாள்.

கடைசியில் அந்தக் கருவி கோத்த பெல்ட்டைக் கட்டும் வாரம் வந்தது. எழுந்ததும் கட்ட வேண்டும், குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழற்றலாம், ஏழு நாள் விடாமல் போட வேண்டும். ஆய்வு செய்கிறவள் கூட இருந்தால் அவர்கள் வேண்டுமென்றே அதிகமாக நடப்பார்கள் என்று பேராசிரியை சொல்லி அனுப்பியிருந்ததால், திங்கட்கிழமை பெல்ட்டுகளைக் கொடுத்துவிட்டு ஹன்னா வேலூரில் என் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். எட்டாம் நாள் வந்து எண்ணிப் பார்த்தாள். இருபத்து நான்கும் இருந்தன. எல்லாவற்றிலும் ஏழு நாள் நடை பதிவாகியிருந்தது. இங்கே இருக்கிறவர்களை வைத்துச் செய்தால் பாதிப் பேர் மூன்றாம் நாளே கழற்றி மேஜையில் வைத்துவிடுவார்களாம். பேராசிரியை அசந்துபோனார்.

3

ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எல்லாம் அதில்தான் இருந்தது.

இருபத்து நான்கு டெய்லர்களில் இருபத்தொரு பேர் எதிர்பார்த்தபடி கம்மியாகத்தான் நடந்திருந்தார்கள். மூன்று பேர் மட்டும் விதிவிலக்கு. பன்னிரண்டாம் எண் வாரம் முழுக்க நடந்து தள்ளியிருந்தாள். பதினொன்றும் ஏழும் வாரத்தின் முதல் பாதியில் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாமல் இருந்து, வியாழன் வெள்ளியிலிருந்து திடீரென்று நாலு மடங்கு நடந்திருந்தார்கள். உட்கார்ந்து தைக்கிறவர்கள் எப்படி இவ்வளவு நடந்தார்கள்? ஹன்னா யோசித்து யோசித்து ஒரு விளக்கம் கண்டுபிடித்தாள். ஷிப்மெண்ட் நெருக்கடியில் டெய்லர்களே எழுந்து ஓடியாடி மற்ற வேலையும் செய்கிறார்கள். அது ஷிப்மெண்ட் வாரமா என்று பெரியம்மாவைக் கேட்டாள். "ஷிப்மெண்ட் இல்லாத வாரம் எதும்மா" என்று பதில் வந்தது. போதாதா? முப்பது பக்கம் எழுதிவிட்டாள்.

பேராசிரியைக்கு அந்த அத்தியாயம்தான் ரொம்பப் பிடித்தது. அதை வைத்து முனைவர் படிப்புக்குத் தன்னிடமே இடம் தருவதாகச் சொன்னார். ஆய்வேட்டை ஒப்படைக்க ஐந்து வாரம் பாக்கி. என் பிள்ளை அவ்வளவு சந்தோஷமாக நடமாடி நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் காலை ஷிப்ட் முடிந்து மூன்றரைக்கு வந்தேன். சாப்பாட்டு மேஜை முழுக்க அச்செடுத்த தாள்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் நொடிக்கு நொடி ஏறி இறங்கும் கோடு. அவள் குளித்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றையும் தொடக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் என்னைப் போன்றவளின் முன்னால் கோடு போட்ட தாளைப் பரப்பி வைக்கலாமா? இருபத்து நாலு வருடம் இ.சி.ஜி. பார்த்த கண். ஒரு மனுஷிக்கும் இன்னொரு மனுஷிக்கும் ஒரே கோடு வராது என்று அந்தக் கண்ணுக்குத் தெரியும்.

பதினொன்றின் வியாழக்கிழமையும் பன்னிரண்டின் வியாழக்கிழமையும் ஒன்று. ஏறுகிற இடத்தில் ஏறி, இறங்குகிற இடத்தில் இறங்கி, பத்து மணி டீயில் ஒரே மாதிரி படுத்து. இரண்டு தாளையும் ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். வெள்ளிக்கிழமையில் ஏழாம் எண்ணும் அவற்றோடு வந்து உட்கார்ந்துகொண்டது. நாள் மொத்தத்தில் கருவிக்குக் கருவி கொஞ்சம் கூடக்குறைய இருந்ததால் ஹன்னாவின் கம்ப்யூட்டருக்குச் சந்தேகம் வரவில்லை போலிருக்கிறது.

மூன்று பெல்ட்டும் ஒரே இடுப்பில் இருந்திருக்கின்றன. யார் அந்தப் பெண்? எனக்குப் பாருங்கள், பயம் வரவில்லை. கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்று இருந்தது.

4

பன்னிரண்டாம் எண்ணின் தாள்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். காலை நாலு பத்துக்கு எழுந்திருக்கிறாள். பத்து நிமிஷம் நடமாட்டம், பிறகு அரை மணி நேரம் அசைவே இல்லை. அவ்வளவு காலையில் எழுந்து அரை மணி நேரம் சும்மா உட்காருகிறவள் ஜெபம் பண்ணுகிறவளாகத்தான் இருக்க வேண்டும். அதில் ஒன்றும் தெரியவில்லை, ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். ஏழு இருபதுக்கு வேனுக்கு நடை. இதுவும் எல்லோருக்கும் பொது.

ஞாயிற்றுக்கிழமைத் தாளில் அகப்பட்டுக்கொண்டாள். எட்டரையிலிருந்து பத்தரைவரை எழுவதும் உட்காருவதுமாகச் சிறு சிறு மேடுகள், அது ஆராதனை. பன்னிரண்டரைக்கு ஒரு விசித்திரமான கோடு தொடங்குகிறது. ஒரே வேகத்தில் பத்து அடி, திரும்புதல், பத்து அடி, திரும்புதல். நாற்பது நிமிஷம். கூண்டுக்குள் நடப்பதுபோல.

என் கைப்பேசியை எடுத்து அந்தத் தேதியைத் தேடினேன். இந்தியாவில் பன்னிரண்டரை என்றால் இங்கே குளிர்காலத்தில் மாலை ஏழு. ஏழு மணிக்கு ஓர் அழைப்பு. நாற்பத்தொரு நிமிஷம். அக்கா.

அவள் போன் பேசும்போது உட்கார மாட்டாள். வாசல் கதவிலிருந்து சமையல்கட்டுவரை நடந்துகொண்டே பேசுவாள். அது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கேலி. ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை இடுப்பில் மூன்று பெல்ட்டைக் கட்டிக்கொண்டு என்னோடு நாற்பத்தொரு நிமிஷம் பேசியிருக்கிறாள். மழை இல்லை, பக்கத்துத் தெருவில் கல்யாணம், உனக்கு சளி சரியாச்சா, எல்லாம் பேசினாள். பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பூட்டி வைத்த ரகசியத்தை நானே திறந்துவிட்டேன் என்று ஒரு கணம் கர்வமாகக்கூட இருந்தது. அப்புறம்தான் மற்ற நாட்களைப் பார்த்தேன். டெய்லர்களின் கோடு எட்டரை மணிக்குத் தரையில் படுத்தால் டீக்குத்தான் எழும். அக்காவின் கோடு திங்கள் காலையிலிருந்தே படுக்கவில்லை. வேலை நேரத்தில் ஒரு இருபது நிமிஷம் சேர்ந்தாற்போல் அவள் உட்காரவில்லை. தோல் வெட்டும் கட்டிங்கிலிருந்து மிஷின்கள் வரிசையாக இருக்கும் லைனுக்கு, லைனிலிருந்து செக்கிங்குக்கு டிரே தூக்கிக்கொண்டு நடக்கிற ஹெல்பரின் கோடு அது. என் அக்கா மிஷினில் இல்லை.

ஹெல்பர் வேலை என்பது புதிதாக வருகிற பெண்களுக்குக் கொடுப்பது. ஐம்பத்திரண்டு வயதில், முப்பத்தைந்து வருடம் தைத்த கை. நான் கோட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

5

ஹன்னா தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். காட்டினேன். ஜன்னலில் வைத்துப் பார்த்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"நாலாவது சாப்டர் போச்சு" என்றாள்.

அந்த நேரத்தில் நான் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன். "விட்டுடு" என்றேன். "நான் பார்க்கலைன்னா உனக்குத் தெரிஞ்சிருக்காது. உன் புரொபசருக்கும் தெரியாது. அஞ்சு வாரத்துல குடுத்துட்டு வா."

"உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்."

"பெரிம்மா மானம் போகும்டி."

"எப்படிம்மா போகும்? அங்க நம்பர்தானே இருக்கு."

பெயர் இல்லையே என்று குதித்தவள் நான்தான். ஆனாலும் விடவில்லை. எத்தனை பேர் எத்தனை தப்பை மூடிவிட்டு முன்னுக்கு வருகிறார்கள், நீ மட்டும் என்ன அரிச்சந்திரன் வீட்டுப் பிள்ளையா என்று கத்தினேன். அவள் மெதுவாகக் கேட்டாள்: "நீ நர்ஸா இருந்து இப்படி ஏதாவது செஞ்சிருக்கியா?"

செய்திருக்கிறேன். வேலூரில் படிக்கும்போது ஒரு மத்தியான நேரம் ஆறு பேருக்குக் காய்ச்சல் பார்க்காமலே பார்த்ததாகச் சார்ட்டில் எழுதினேன். தூக்கம், சோம்பேறித்தனம், வேறொன்றும் இல்லை. முந்தின கட்டத்தைப் பார்த்து ஒரு புள்ளி கூட்டி, ஒரு புள்ளி குறைத்து, அழகாகக் கோடு இழுத்தேன். யாரும் பிடிக்கவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் மூன்று நாள் அந்த வார்டுப் பக்கம் போகும்போதெல்லாம் ஆறு கட்டிலிலும் ஆள் இருக்கிறார்களா என்று எண்ணினேன். என் வீட்டுக்காரரிடம்கூட இதைச் சொன்னதில்லை. அன்றைக்கு மகளிடம் சொன்னேன்.

அவள் தாள்களை எண் வரிசைப்படி அடுக்கினாள். "ஞாயித்துக்கிழமை பெரிம்மாகிட்ட கேப்போம்" என்றாள்.

6

வீடியோவில்தான் கேட்டோம். ஆராதனை முடிந்து வந்த சேலையோடு அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். போனைப் பிடித்துக்கொண்டிருந்தது அத்தான். தலை தெரியாது, அவ்வப்போது அவர் கட்டைவிரல் மட்டும் திரையில் வரும்.

ஹன்னா கேள்விகளை எழுதி வைத்திருந்தாள். "பெரிம்மா, கோவிச்சுக்காதீங்க. வியாழக்கிழமை பதினொண்ணாம் நம்பர் பெல்ட்ட யாரு போட்டிருந்தாங்க?"

"நான்தான்."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இவ்வளவு சுலபமாக வரும் என்று நினைக்கவில்லை.

"ஏழாம் நம்பர்?"

"அதுவும் நான்தான் போட்டுனு இருந்தேன். ஏன், ஓடலியா?"

ஓடியது என்றாள் ஹன்னா. அக்காவுக்கு அதில் நிம்மதி. நிதானமாகச் சொன்னாள். "பதினொண்ணாம் நம்பர்க்காரி பொண்ணுக்குக் கணியம்பாடியில வலி எடுத்துடுச்சுன்னு போன் வந்துது. வேன் ஏறப் போனவ அப்டியே திரும்பி ஓடனா. பெல்ட்ட அவுத்து என் கைல குடுத்து, அக்கா, இது ஏழு நாள் நிக்கக் கூடாதுன்னு நம்ம பொண்ணு சொல்லிச்சு, பாத்துக்கோன்னா. நான் இன்னா பண்றது? ஆணியில மாட்டி வெக்கவா? இன்னொருத்தி மாமியார் கலவை ஊர்ல தவறிட்டாங்க. சாவு வீட்ல மிஷின் கட்டினு உக்கார முடியுமா, நீயே சொல்லு."

"பெரிம்மா, அவங்க வேணாம்னா விலகியிருக்கலாமே. பேப்பர்ல எழுதியிருந்துதே."

"அவங்க ஏன் வெலகணும்? உனக்குக் கணக்கு கம்மியாய்டாது? லைன்ல ஒருத்தி எழுந்து போனா, பக்கத்துல இருக்கறவ அவ பீஸயும் சேத்துத் தைச்சுடுவா. அவ கொழந்தைக்குக் காச்சல்னா இவ, இவளுக்கு வயித்து வலின்னா அவ. டிரே நிக்காது. சூப்பர்வைசருக்குத் தெரியும், கண்டுக்க மாட்டாரு. அவருக்கு பீஸ் வந்தா போதும். அந்த மாதிரிதான் நெனச்சேன். பெல்ட்டு ஓடணும், அவ்ளோதானே?"

"இல்ல பெரிம்மா. யாரோட உடம்புல ஓடுதுங்கறதுதான் முக்கியம்."

அக்கா போனுக்குக் கிட்டே குனிந்தாள். "அத நீ சொல்லவேயில்லையே கண்ணு" என்றாள்.

தகவல் தாளை எடுத்து நான் முதல் பக்கத்திலிருந்து பன்னிரண்டாம் பக்கம்வரை தேடினேன். அவர்களுடைய உரிமைகள் இருந்தன, கருவியின் எடை இருந்தது, புகார் செய்ய வேண்டிய முகவரிகூட இருந்தது. உங்கள் பெல்ட்டை வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள் என்று ஒரு வரி இல்லை. ஆங்கிலத்திலும் இல்லை. இந்த ஊரில் யாருக்கும் அப்படி ஒரு வரி தேவைப்பட்டிருக்காது. தமிழில் எழுதும்போது எனக்காவது தோன்றியிருக்க வேண்டும். நான் அந்த லைன் பெண்களின் பேச்சைக் கேட்டு வளர்ந்தவள்தானே.

பிறகு நான் குறுக்கே புகுந்தேன். "அக்கா, நீ இப்ப மிஷின்ல இல்லியா?"

அத்தானின் கட்டைவிரல் திரையை மறைத்தது, விலகியது.

"இல்ல. ஹெல்பர். ரெண்டு வருஷத்துக்கு மேல ஆவுது. கறுப்புத் தோல்ல கறுப்பு நூல் தெரியல. தையல் வெளிய போவுது. அவங்களும் எவ்ளோ நாள்தான் பாப்பாங்க, எழுப்பிட்டாங்க."

"கண்ணாடி மாத்திப் பார்த்தியா?"

"மாத்தியாச்சு."

"முட்டி வலிக்குதா?"

"நாள் பூரா நடந்தா வலிக்காம இன்னா பண்ணும்? சரி, அத விடு. இப்ப புள்ள படிப்புக்கு இன்னா ஆவும், அதச் சொல்லு."

ஹன்னா "ஒண்ணும் ஆகாது பெரிம்மா" என்றாள். அவள் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பொய் அது.

7

பேராசிரியையிடம் அவள் சொல்லப் போனபோது காரில் காத்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். நான்காம் அத்தியாயம் முழுசாகப் போகிறது. பதினொன்றும் ஏழும் கணக்கிலிருந்து வெளியே. பன்னிரண்டாம் எண் டெய்லர் இல்லை என்பதால் தனியாக வைக்க வேண்டும். ஒப்படைக்கும் தேதி அடுத்த பருவத்துக்குத் தள்ளிப் போகிறது. முனைவர் படிப்புக்கு இந்த வருடம் இடம் இல்லை, அடுத்த வருடம் எல்லோரோடும் சேர்ந்து விண்ணப்பித்துக்கொள்ளலாம். பேராசிரியை கடிந்து பேசவில்லையாம். வந்து சொன்னதற்கு நன்றி என்றாராம்.

காரில் உட்கார்ந்து அழுதாள். ஏன்தான் அந்தத் தாள்களைப் பார்த்துத் தொலைத்தேனோ என்று எனக்கு இருந்தது. அவள் முதுகைத் தடவிக்கொடுப்பதைத் தவிர நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

நெறிமுறைக் குழு சும்மா விடுமா? நடந்ததை விளக்கி ஒரு பத்தி எழுத வேண்டும், சம்பந்தப்பட்ட பங்கேற்பாளருக்கு அவர் மொழியில் வாசித்துக் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். புதுப் படிவம். ஹன்னா ஆங்கிலத்தில் எழுதினாள், நான் தமிழாக்கினேன். இந்த முறை அவளே வாசிப்பேன் என்றாள். ஞாயிற்றுக்கிழமை, அதே கட்டில், அதே கட்டைவிரல். தட்டுத் தடுமாறி வாசித்தாள்.

"இரண்டு பங்கேற்பாளர்கள் வீட்டுச் சூழ்நிலை காரணமாகக் கருவியை அணிய முடியாதபோது, அவற்றை வேறொரு பங்கேற்பாளர் அணிந்திருந்தார். ஆய்வுக்கு உதவும் நல்ல எண்ணத்தில், தொழிலிடத்தில் ஒருவர் வேலையை மற்றவர் ஏற்றுக்கொள்ளும் வழக்கப்படி இது செய்யப்பட்டது. தகவல் தாளில் இதைத் தடுக்கும் குறிப்பு இல்லாதது ஆய்வாளரின் தவறு." நிமிர்ந்தாள். "சரியா இருக்கா பெரிம்மா?"

அக்கா யோசித்தாள். "நல்லா எழுதிக்கீற. ஆனா ரெண்டு இல்ல. மூணு."

"மூணா?"

"பத்தொம்போது. அவளுக்கு ஞாயித்துக்கெழம காச்சல், எழுந்துக்க முடியல. எனக்கு இடுப்புல எடமில்ல. உங்க பெரியப்பாவுக்குக் கட்டி கறிக்கடைக்கு அனுப்பிச்சேன்."

படம் ஆடியது. போனுக்குப் பின்னாலிருந்து அத்தானின் குரல் வந்தது. "நான் சும்மா போய்ட்டு வந்தேம்மா. வேகமாகூட நடக்கல."

பங்கேற்பாளர் பத்தொன்பது, பெண், வயது முப்பத்து நான்கு. ஹன்னா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பதறிப்போய் கையை விலக்கினால் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துவிட்டு, இரண்டு என்பதை அழித்து மூன்று என்று அடித்தாள். இருபத்து நாலில் இன்னும் ஒன்று போயிற்று.

"ஏன் பெரிம்மா அன்னிக்கே சொல்லல?"

"நீ பதினொண்ணு கேட்ட, ஏழு கேட்ட. சொன்னேன். பத்தொம்போது கேக்கலியே." பிறகு ஹன்னாவைத் தாண்டி என்னைப் பார்த்தாள். "உங்கம்மாவும் அப்டிதான். வாரா வாரம் நல்லா இருக்கியான்னு கேப்பா. நல்லா இருக்கேன்னுவேன். இன்னா வேல பாக்கறன்னு ஒரு நாள் கேட்டிருப்பாளா, கேளு."

ஹன்னா என்னைக் கேட்கவில்லை. தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

"இப்ப கேக்கறேன்க்கா" என்றேன்.

"இப்ப அடுப்புல கறி இருக்கு. சாய்ந்தரமா கேளு, உக்காந்து சொல்றேன்" என்றாள் அக்கா. அத்தானிடமிருந்து போனை வாங்கி அணைத்துவிட்டாள்.